ராமநாதபுரத்து மிருதங்கமும் பருத்திக்காட்டுப் பாட்டும்!

ராமநாதபுரம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? முண்டு மிளகாய், கருவாடு, கருவேலங்காடு! "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மேலதிகாரி மிரட்டினால், அது பெரும்பாலும் இந்த ஜில்லாவாகத்தான் இருக்கும்.

அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு, மிருதங்கத்துடன் அமெரிக்கா போனார் ஒருவர். அவர்தான் ராம்நாட் ராகவன். அங்கே அவர் ஒரு வெள்ளைக்கார கிதார் வித்துவானுடன் மேடை ஏறினார். அந்தக் கிதார்காரரின் பெயர் ஜான் மெக்லாலின்.

இந்த இருவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்தது எது? அமெரிக்கப் பருத்திக்காட்டில் பிறந்த ஒரு பாட்டு!

11 வயதுப் பையன்

மெக்லாலின் 1942-ல் இங்கிலாந்தில் டான்காஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர். அம்மா வயலின் வாசிப்பார். 11 வயதில் பையன் கையில் கிதார் வந்தது. அந்த வயதில்தான் 'புளூஸ்' இசைத்தட்டுகளும் அவன் காதில் விழுந்தன.

புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டு. மிசிசிப்பி ஆற்றுப்பக்கத்துப் பருத்தித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள், மனப்பாரத்தை இறக்கிவைக்கப் பாடியது. பிக் பில் புரூன்சி, லெட்பெல்லி, மட்டி வாட்டர்ஸ்... இவர்கள் பாடிய தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பையன் கிறங்கிப் போனான். அன்று பிடித்த பைத்தியம் ஆயுசுக்கும் விடவில்லை!

நரம்பை இழுத்தால்...

புளூஸ் கிதார்காரர் ஒரு சுரத்தை நேராக வாசிக்க மாட்டார். நரம்பைப் பக்கவாட்டில் இழுத்து, சுரத்தை வளைத்து, அழ வைப்பார். அட, இது நம்ம வீணைக்காரர் செய்வதுதானே! நாம் அதைக் கமகம் என்கிறோம்.

மெக்லாலினுக்கும் இது புரிந்தது. 1971-ல் அவர் தொடங்கிய 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' காதைக் கிழிக்கும் மின்சார இசைக்குழு. பேரும் பணமும் கொட்டின. ஆனாலும் மனிதர் மாணவராகப் போய் உட்கார்ந்தார். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் கர்நாடக வித்துவான்கள் பாடம் நடத்திய காலம் அது. டாக்டர் எஸ்.ராமநாதனிடம் அவர் வீணை கற்றார்.

1975 ஜூலை 5. நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் கச்சேரி. மின்சாரக் கிதாரை ஓரம் கட்டிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டார் மெக்லாலின். சுற்றிலும் வயலின் எல்.சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விநாயக்ராம், மிருதங்கம் நம்ம ராம்நாட் ராகவன்! குழுவின் பெயர் 'சக்தி'. அந்தக் கச்சேரிதான் 1976-ல் இசைத்தட்டாக வந்தது.

பிறகு மெக்லாலின் தன் கிதாரையே மாற்றிச் செய்யச் சொன்னார். மெட்டுகளுக்கு நடுவே பள்ளம் தோண்டப்பட்டது. வீணையில் இழுப்பதுபோல் நரம்பை இழுக்கத்தான் இந்த ஏற்பாடு.

சேதுபதி சீமை

ராகவன் சாதாரண இடத்திலிருந்து போகவில்லை. சேதுபதி மன்னர்கள் சங்கீதத்தை ஆதரித்த ஊர் ராமநாதபுரம். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு பூச்சி சீனிவாச ஐயங்கார் இந்தச் சமஸ்தானத்து வித்துவான். மிருதங்க மேதை முருகபூபதி இந்த ஊர்க்காரர். அவருடைய சகோதரர் சங்கரசிவத்திடம் பாட்டுக் கற்றவர் ராம்நாட் கிருஷ்ணன். அந்தக் கிருஷ்ணனின் தம்பிதான் ராகவன்! அண்ணனும் வெஸ்லியனில் பாடம் நடத்தியவரே. 1978-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தியாகராஜ ஆராதனை தொடங்கியதற்கும் ராகவன் தூண்டுகோலாக இருந்தார்.

முதல் தட்டோடு ராகவன் விலகினாலும் சக்தி நிற்கவில்லை. இடையில் கலைந்து, 1997-ல் மீண்டும் கூடியது. பின்னர் மாண்டலின் சீனிவாஸ் வந்து சேர்ந்தார். அமெரிக்க மலைப்பக்கத்து 'புளூகிராஸ்' பாட்டுக்கு மாண்டலின்தான் உயிர். பில் மன்றோ அதை வாசித்தே அந்த இசைக்குப் பெயர் வாங்கித் தந்தார். அதே வாத்தியத்தில் நம்ம சீனிவாஸ் கீர்த்தனை வாசித்தார்! 2024 பிப்ரவரியில் சக்தி குழுவுக்குக் கிராமி விருது கிடைத்தபோது மெக்லாலினுக்கு வயது 82.

அம்பா எங்கே?

சரி, இதையெல்லாம் இப்போது சொல்வானேன்? காரணம் இருக்கிறது.

மட்டி வாட்டர்ஸ் மிசிசிப்பியில் ஒரு தோட்டத் தொழிலாளி. 1941-ல் ஆலன் லோமாக்ஸ் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அவர் குடிசை தேடிப் போனார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அவர் பாட்டைப் பதிவு செய்தார். தன் குரலைத் தானே கேட்ட தொழிலாளிக்குத் தைரியம் பிறந்தது. 1943-ல் சிகாகோ போனார். தட்டு போட்டார். அந்தத் தட்டுகள் கடல் தாண்டி இங்கிலாந்துப் பையனிடம் போயின. பையன் வளர்ந்து ராமநாதபுரத்து மிருதங்கத்திடம் வந்து சேர்ந்தான்!

நம்ம கடற்கரையிலும் இப்படி ஒரு பாட்டு இருக்கிறதே! கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "ஏலேலோ" போட்டுத் திருப்பிச் சொல்வார்கள். அதுதான் அம்பா. வலையின் கனமே தாளம். பருத்திக்காட்டிலும் ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் திருப்பிப் பாடியது. அந்த முறையிலிருந்து கிளைத்ததுதான் புளூஸ்.

விசைப்படகு வந்தது, இயந்திரச் சத்தத்தில் அம்பாவின் சத்தம் குறைந்தது. முழுசாகப் பாடத் தெரிந்தவர்கள் வயசாளிகள். அவர்கள் போனால் பாட்டும் போய்விடும்.

லோமாக்ஸுக்கு அன்று வண்டி நிறையக் கருவி தேவைப்பட்டது. இன்று ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் செல்போனாகக் கிடக்கிறது. அடுத்த தடவை ராமேசுவரம் போகிறவர்கள், தீர்த்தமாடிய கையோடு கரைவலை இழுக்கும் பக்கம் எட்டிப் பார்க்கலாம். பெரியவர் ஒருவரிடம், "தாத்தா, ஒரு அம்பா எடுத்து விடுங்க" என்று கேட்டு, பதிவு செய்து வைக்கலாம்.

அது எந்தக் கடல் தாண்டி, எந்தப் பையன் காதில் விழுமோ... யார் கண்டது?