மலையேறுவோர் பையில் இருக்க வேண்டியவை

ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஒடுகத்தூரில் மளிகை வணிகம் செய்யும் நமக்கு மலைவாழ் மக்கள் தலைமுறை வாடிக்கையாளர்கள். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை பகுதிகளிலிருந்து சாமையும் புளியும் இறங்கி வரும். உப்பும் எண்ணெயும் பருப்பும் ஏறிப் போகும்.

இப்போது வேறொரு வாடிக்கையாளரும் வருகிறார். வழிகாட்டியுடன் காலையில் மலையேறி மாலையில் இறங்கும் பட்டணத்து இளைஞர். தமிழக அரசு 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 மலைப் பாதைகளை அறிவித்த பின் இந்த நாட்டம் கூடியிருக்கிறது. “என்ன வாங்கிக்கொண்டு போகலாம், ஐயா?” என்று கடைவாசலில் கேட்கிறார்கள். மலைக்கு முன் கடைசிக் கடை நம்முடையது. ஆகவே நாம் சொல்லும் பதிலுக்குப் பொறுப்பு உண்டு.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றத்தினர் உயிரிழந்ததை மறக்க இயலாது. அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. வனத்துறை அனுமதி இன்றிக் காட்டுக்குள் செல்லக் கூடாது. வாடிக்கையாளரிடம் முதலில் நாம் கேட்க வேண்டியது, “அனுமதி வாங்கியாகிவிட்டதா? வழிகாட்டி உடன் வருகிறாரா?” என்பதே.

உடை: முழுக்கைப் பருத்திச் சட்டை, கணுக்கால் மூடும் தளர்ந்த கால்சட்டை, தொப்பி. பாலியஸ்டர், நைலான் துணிகள் தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி உருகாது. ஆனால் நனைந்தால் சீக்கிரம் காயாது. ஆகையால் மழைக்காலத்தில் மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போகக் கூடாது; தேனீக்களைக் கிளப்பி விடும்.

காலணி: ரப்பர் செருப்பு உதவாது. பிடிமானம் உள்ள, கணுக்கால் வரை மூடிய, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ வேண்டும். புதியது கொப்புளம் தரும். புல்லுக்குள் பாம்பு கிடக்கும். 2023 மே மாதம் நம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒரு சிறு குழந்தையைச் சாலை வசதியின்மையால் காப்பாற்ற முடியாமல் போனது. மலையில் ஆஸ்பத்திரி தொலைவு என்பதை இது நினைவூட்டும். கடித்தால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தவறு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தண்ணீர்: ஒரு பகல் நடைக்கு ஆளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும், வெயில் நாளில் 3 லிட்டர். 2 லிட்டர் என்றால் 2 கிலோ சுமை. எனவே மற்ற பொருள்களைக் குறைக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பாட்டிலில் நிரப்பிக் கொள்வது நல்லது. தண்ணீர் பாக்கெட் 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று.

உப்புக்கரைசல் தூள்: பொட்டலத்தின் மேல் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்க வேண்டும். பாதிப் பாதியாகக் கலக்கக் கூடாது. ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரில் இனிப்புப் பானம் விற்பதை 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. பெயரைப் பார்த்து அல்ல, உட்பொருளைப் பார்த்துக் கொள்முதல் செய்யுங்கள்.

உணவு: கடலை மிட்டாய், பொட்டுக்கடலை, பேரீச்சை, எள்ளுருண்டை. கெடாது, இடம் அடைக்காது, நடக்கும்போதே சாப்பிடலாம். மதியத்துக்குப் புளிசாதம் பாத்திரத்தில் கட்டி எடுக்கட்டும். தயிர், தேங்காய் சேர்ந்தவை வெயிலில் புளித்துவிடும். சிப்ஸ் தாகத்தைக் கூட்டும். காற்றடைத்த பொட்டலம் பையை அடைத்துக்கொள்ளும்.

இவற்றுடன் டார்ச் விளக்கு, விசில், கட்டுப்போடும் துணி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு துணிப்பை. எல்லாம் முதுகில் மாட்டும் பையில் இருந்தால் இரு கைகளும் வேலைக்கு உதவும்.

கொடுக்கக் கூடாதவை: தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட், கற்பூரம், பட்டாசு. கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். மலைக்குப் போகிறவர் என்று தெரிந்தால், “இது அங்கே வேண்டாம்” என்று சொல்லி எடுத்து வைத்துவிடுவோம். இரண்டு ரூபாய் வியாபாரம் போனால் போகட்டும். தீப்பற்றினால் நம் சாமையும் புளியும் வரும் காடும், அதைக் கொண்டுவரும் மக்களும் அல்லவா போவார்கள்?

வணிகத்தில் ஒரு யோசனை. மேற்கண்ட தின்பண்டங்களையும் உப்புக்கரைசல் தூளையும் ஒரு மஞ்சள் துணிப்பையில் சேர்த்து, ஆள் ஒன்றுக்கு ஒரு பை என்று கட்டி வைத்தால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நேரம் மிச்சம். அதிகாலையில் கடை திறப்பவருக்கே இந்த வியாபாரம் கிடைக்கும். கூடுதலாக விற்பதை விடச் சரியாக விற்பது முக்கியம். பத்திரமாக இறங்கி வந்தவர் அடுத்த முறை நம் கடையைத்தான் தேடுவார்.