ஒரு ரூபாய் நன்கொடை, இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு: மக்கள் நிதிக்குச் சட்டம் வழிவிடுமா?

புது தில்லி: சாணக்யபுரியின் சான் மார்ட்டின் மார்க் சாலையில், வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கைகளை விவாதிக்கும் விவேகானந்தா இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷன் இயங்கி வருகிறது. 2009-இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பின் வேர் தலைநகரில் இல்லை, கன்னியாகுமரியில் இருக்கிறது. குமரிக் கடல் பாறையில் விவேகானந்தர் நினைவு மண்டபத்தை எழுப்பியவர்கள் 1972-இல் தொடங்கிய விவேகானந்த கேந்திரத்துடன் இணைந்தது இது. அந்த மண்டபத்துக்கான பணமோ பெரும் செல்வர்களின் கொடையாக மட்டும் வந்துவிடவில்லை. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று லட்சக்கணக்கான சாதாரண மக்கள் கொடுத்ததும் அதில் அடக்கம்.

'கிரவுட்ஃபண்டிங்' என்று இன்று சொல்லப்படுவதும் இதைத்தான். புதிய கருவியை வடிவமைத்த பொறியாளர், குறும்படம் எடுக்க முனையும் இளைஞர், அச்சில் இல்லாத நூலை மீண்டும் கொண்டுவர விரும்பும் பதிப்பாளர் எனப் பலரும் இணையத்தின் வழியே முகம் தெரியாதவர்களிடம் சிறு தொகைகளைக் கேட்கிறார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால், வடம் பிடிக்க அழைக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். கேட்பது நன்கொடையா, பொருளுக்கான முன்பணமா, தொழிலில் பங்கா?

இந்த மூன்றையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. முதல் இரண்டுக்கும் வழி உண்டு. மூன்றாவதற்கான கதவு, சிறு தொழில்முனைவோரைப் பொறுத்தவரை, ஏறக்குறைய மூடியே இருக்கிறது.

முதலில் கையெழுத்து, பிறகு பணம்

விவேகானந்தர் நூற்றாண்டான 1963-இல் பாறை நினைவிடம் சர்ச்சையில் சிக்கியிருந்தது. உள்ளூரில் எதிர்ப்பு எழுந்தது. அன்றைய முதல்வர் பக்தவத்சலம் தயங்கினார். பாறையின் இயற்கை அழகு கெட்டுவிடும் என்ற கருத்தை மத்திய அமைச்சராக இருந்த ஹுமாயூன் கபீர் முன்வைத்தார். இந்த நிலையில் பொறுப்பேற்றவர், ஆர்.எஸ்.எஸ். இயக்கத்தின் பொதுச் செயலராக முன்பு இருந்த ஏக்நாத் ரானடே.

அவர் முதலில் உண்டியலைத் தூக்கவில்லை, தில்லிக்கு வந்தார். லால் பகதூர் சாஸ்திரியின் யோசனையை ஏற்று, 1963 டிசம்பரில் மூன்றே நாள்களில் 323 நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையெழுத்தைப் பெற்றார். கட்சி வேறுபாடின்றி வந்த அந்த ஆதரவு, பிரதமர் நேருவிடம் வைக்கப்பட்ட வேண்டுகோளுக்கு வலு சேர்த்தது. மாநில அரசின் அனுமதி அதன் பிறகு கிடைத்தது.

அடுத்ததுதான் நிதி. மாநில அரசுகளும் அமைப்புகளும் பெரிய தொகைகளை அளித்தன. அத்துடன் நின்றுவிடாமல் நாடெங்கும் ஒரு ரூபாய் நன்கொடைக்கும் அழைப்பு விடுக்கப்பட்டது. அதன் நோக்கம் பணம் மட்டும் அல்ல. கொடுத்த ஒவ்வொருவரும் 'இது என் மண்டபம்' என்று சொல்லும் உரிமையைப் பெற்றார்கள். 1970 செப்டம்பர் 2-ஆம் தேதி குடியரசுத் தலைவர் வி.வி. கிரி மண்டபத்தைத் திறந்து வைத்தார். விழாவுக்குத் தலைமை வகித்தவர் அன்றைய திமுக முதல்வர் கருணாநிதி. தொடக்கத்தில் எதிர்ப்பைச் சந்தித்த திட்டம், முற்றிலும் மாறுபட்ட கொள்கை உடையவர்களையும் ஒரே மேடையில் அமர வைத்தது.

பணம் திரட்டப் புறப்படுபவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. இடம், அனுமதி, உரிமம் போன்றவை உறுதியாகும் முன் பணத்தைக் கேட்டால், தடை வரும்போது பதில் சொல்ல வேண்டியவர்களின் எண்ணிக்கைதான் பெருகும்.

பால் விற்ற காசில் படம்

படைப்பு முயற்சிக்கு மக்கள் பணம் என்றால் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது 1976-இல் வெளியான 'மந்தன்' திரைப்படம். பால் கூட்டுறவு இயக்கத்தை அடிப்படையாகக் கொண்டு ஷியாம் பெனகல் இயக்கிய இந்தப் படத்துக்கு, குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலா 2 ரூபாய் கொடுத்தார்கள். திரண்ட தொகை 10 லட்சம் ரூபாய். தயாரிப்பாளர்களாக அந்த விவசாயிகளே திரையில் குறிப்பிடப்பட்டார்கள். தாங்கள் தயாரித்த படத்தைப் பார்க்கக் கிராமங்களில் இருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற 'மந்தன்', புதுப்பிக்கப்பட்ட பிரதியாக 2024-இல் கான் திரைப்பட விழாவிலும் திரையிடப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, கூட்டம் ஏற்கெனவே இருந்தது என்பதுதான். கிராமச் சங்கங்கள் இருந்தன. நாள்தோறும் பாலை அளந்து பணம் கொடுக்கும் கணக்கு முறை இருந்தது. அதை நடத்தியவர்கள் மீது நம்பிக்கையும் இருந்தது. வர்கீஸ் குரியன் போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த அந்த நம்பிக்கையே 2 ரூபாயாக மாறி வந்தது. இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுக் கூட்டம் வரும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது.

கப்பலுக்குப் பங்கு சேர்த்த வ.உ.சி.

மூன்றாவது வகைக்குத் தமிழகமே சான்று. 1906 அக்டோபர் 16-இல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருக்க, வ.உ. சிதம்பரம் பிள்ளை ஊர் ஊராகச் சென்று பங்கு சேர்த்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். 1907-இல் காலியா, லாவோ ஆகிய இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

நிதி திரண்டதோடு போராட்டம் முடிந்துவிடவில்லை. போட்டியாக இருந்த பிரிட்டிஷ் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. இலவசப் பயணம் என்றது. பயணிகளுக்குக் குடை கூடக் கொடுத்தது. 1908-இல் வ.உ.சி. கைது செய்யப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அடக்குமுறையின் கதையான இது, பங்குதாரர்களின் இழப்புக் கதையும்கூட. பங்கு வாங்கியவர் லாபத்தில் மட்டுமன்றி நஷ்டத்திலும் பங்கேற்கிறார். அதனால்தான் பங்கைச் சட்டம் மற்ற இரண்டில் இருந்தும் பிரித்துப் பார்க்கிறது.

தொடங்குவோர் கவனத்துக்கு

முதல் தொகை தொடங்குபவரிடம் இருந்தும் அவரை அறிந்தவர்களிடம் இருந்தும் வர வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. அமெரிக்காவில் வாழும் மருத்துவர்கள் ஜானகிராமனும் சம்பந்தமும் தலா 5 லட்சம் டாலர் கொடுத்து அந்த முயற்சியைத் தொடங்கி வைத்தார்கள். உலகத் தமிழர்கள் சிறிதும் பெரிதுமாகக் கொடுத்தார்கள். தமிழக அரசு 10 கோடி ரூபாய் வழங்கியது. 2018-இல் இலக்கு எட்டப்பட்டது. தொடங்கியவர்களே கை வைக்காத பாத்திரத்தில் அடுத்தவர்கள் பணம் போடுவதில்லை.

இலக்கைக் குறிக்கும்போது தயாரிப்புச் செலவை மட்டும் கணக்கிட்டால் போதாது. இணையதளத்தின் தரகு, வங்கிக் கட்டணம், தபால் செலவு, வரி, கெட்டுப்போகும் பொருள்களை மாற்றிக் கொடுக்கும் செலவு ஆகிய அனைத்தும் அதில் அடங்க வேண்டும். 2009-இல் நியூயார்க்கில் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் தளத்தில், குறித்த நாளுக்குள் முழு இலக்கும் எட்டப்படாவிட்டால் யாரிடமும் பணம் எடுக்கப்படுவதில்லை. பாதிப் பணத்தில் அரைகுறையாக ஒரு வேலையைத் தொடங்கிச் சிக்கலில் மாட்டுவதை இந்த முறை தடுக்கிறது.

அடுத்தது கணக்கு. 1885-இல் அமெரிக்காவில் சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்காக ஜோசப் புலிட்சர் தமது நாளிதழ் மூலம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டியபோது, எவ்வளவு சிறிய தொகை கொடுத்தவரின் பெயரையும் அச்சிட்டார். இன்றைக்கும் அதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை. வேலை தாமதமானால் அதைக் கொடுத்தவர்களிடம் உடனே சொல்லிவிடுவதே முறை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூட மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பொருளைத் தருவதாகக் கூறிப் பணம் பெற்றால் அது கொடை ஆகாது, விற்பனை. ஜிஎஸ்டி, நுகர்வோர் உரிமை ஆகியவை அதைத் தொடர்ந்து வரும். கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க வேண்டும் என்றால், பெறும் அமைப்பு அதற்கெனப் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். தனி நபரின் படத்துக்கோ கருவிக்கோ கொடுக்கும் பணத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

வெளிநாட்டுத் தமிழர்களை நம்பி இறங்குபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் வசிப்பவர் தமது சேமிப்பில் இருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால், அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர் கொடுத்தால், அது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அத்தகைய நன்கொடை முதலில் வந்து சேர வேண்டிய ஒரே இடம், சன்சத் மார்க் சாலையில் உள்ள ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளை. பொருளுக்கான விலையாக வணிக முறையில் பெறும் தொகைக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. நன்கொடைக்கும் முன்பணத்துக்கும் இடையே உள்ள கோட்டைத் தொடக்கத்திலேயே வரைந்துகொள்ள வேண்டியதன் அவசியம் இதுதான்.

தூதரகச் சாலையும் நாடாளுமன்றமும்

சாணக்யபுரியின் சாந்திபத் சாலையில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தூதரகங்கள் உள்ளன. அந்த நாடுகள் சிறு முதலீட்டாளர்கள் இணையம் வழியே புதிய நிறுவனங்களில் பங்கு வாங்க விதிகளை வகுத்துவிட்டன. அமெரிக்காவில் 2012-இல் சட்டம் இயற்றப்பட்டு, 2016-இல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒரு நிறுவனம் ஓராண்டில் திரட்டக்கூடிய உச்சவரம்பு 2021-இல் 50 லட்சம் டாலராக உயர்த்தப்பட்டது. பிரிட்டனில் 2014 முதல் ஒழுங்குமுறை இருக்கிறது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டம் எதையும் இயற்றவில்லை. 'செபி' அமைப்பு 2014 ஜூனில் ஆலோசனை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. புதிய நிறுவனம் ஓராண்டில் 10 கோடி ரூபாய் வரை திரட்ட வகை செய்யலாம் என்று அதில் யோசனை கூறப்பட்டது. அந்த யோசனை விதியாக மாறவில்லை. மாறாக, அங்கீகாரம் இல்லாத இணையதளங்கள் மூலம் பங்கு திரட்டுவது குறித்து 2016-இல் முதலீட்டாளர்களை அதே அமைப்பு எச்சரித்தது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டமும் அதன் விதிகளும், ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கு விற்க முன்வந்தால் அதைப் பொது வெளியீடாகவே கருதுகின்றன.

அரசுத் தரப்பின் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சுமார் 3 கோடி பேரிடம் திரட்டப்பட்டதாகக் கூறப்பட்ட 24,000 கோடி ரூபாய்க்கும் அதிகமான தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று சகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே மேற்கு வங்கத்தில் சாரதா நிறுவனம் சரிந்து, ஏழைகளின் சேமிப்பு கரைந்தது. ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019-இல் வந்ததும் இந்த அனுபவங்களின் பின்னணியில்தான்.

மோசடிக்காரரைத் தடுக்க எழுப்பிய மதில், நேர்மையான தொழில்முனைவோரையும் வெளியே நிறுத்திவிட்டது என்பதே இன்றைய நிலை. கோயம்புத்தூரில் புதிய பம்பு செட்டை வடிவமைக்கும் ஒருவர் ஆயிரம் விவசாயிகளிடம் முன்பணம் பெறலாம், நன்கொடையும் கேட்கலாம். அந்த ஆயிரம் பேரையும் தலா சில நூறு ரூபாய்க்குப் பங்குதாரர் ஆக்க நினைத்தால், பெரிய நிறுவனங்களுக்கென வகுத்த பொது வெளியீட்டு நடைமுறையை அவரும் கடந்தாக வேண்டும்.

வ.உ.சி. படத்துக்கு மாலை அணிவிக்காத கட்சி தமிழகத்தில் இல்லை. அவர் செய்தது உரை நிகழ்த்தியது மட்டும் அல்ல. சாமானியனைக் கப்பல் கம்பெனியின் பங்குதாரர் ஆக்கியதும்தான். அந்த உரிமையைத் தக்க பாதுகாப்புடன் சட்டமாக்கும்படி கேட்பதற்கு, தமிழக எம்.பி.க்களுக்குத் தனிநபர் மசோதா என்ற வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. மண்டபத்துக்காக ஒரு காலத்தில் 323 கையெழுத்துகள் மூன்று நாள்களில் கிடைத்தன. சிறு முதலீட்டாளருக்காக முதல் கையெழுத்தை யார் போடப் போகிறார்கள்?