ரத்தம் ஓடினால் துணிச்சலா?

2025இல் வந்த இரண்டு தமிழ்ப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும், நம் ரசிகர் சண்டைகளின் லட்சணம் விளங்கிவிடும். 'கூலி'க்கு வன்முறைக்காக 'ஏ' சான்றிதழ் கிடைத்தது. அதைத் தளர்த்தச் சொல்லித் தயாரிப்புத் தரப்பு நீதிமன்றம் வரை போயும் நடக்கவில்லை. வர்ஷா பரத் இயக்கிய 'பேட் கேர்ள்' யு/ஏ 16+ சான்றிதழோடு வெளிவந்தது. தணிக்கைத் தராசில் எது கனமான படம் என்பதில் குழப்பமே இல்லை. ஆனால் ஊர் கொதித்தது எந்தப் படத்துக்கு? பிராமணக் குடும்பத்துப் பள்ளி மாணவி ஒருத்தி தனக்கொரு காதலன் வேண்டும் என்று ஆசைப்படுவதை ஜனவரியில் ஒரு சிறு முன்னோட்டம் காட்டியது. அதற்குக் கண்டனங்கள் எழுந்தன, மனுக்கள் போடப்பட்டன, முன்னோட்டத்தை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவும் வந்தது. அதே ஆண்டில் திரையில் விழுந்த பிணங்களுக்காக இந்த வேகத்தில் யாரும் மனு எழுதியதாகத் தெரியவில்லை.

'சீண்டும் இயக்குநர்' என்ற பட்டத்தை நாம் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு. கண்ணைச் சீண்டுகிறவர் ஒரு ரகம். வீட்டைச் சீண்டுகிறவர் இன்னொரு ரகம். முதல் ரகத்தவர் ரத்தத்தின் அளவைக் கூட்டக் கூட்ட ரசிகர்கள் அவருக்குத் துணிச்சல்காரர் என்று மாலை போடுகிறார்கள். இரண்டாம் ரகத்தவர் சமையலறையில் கேட்கக்கூடாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அடி வாங்குகிறார். இரண்டு பேருக்கும் கூட்டம் வருகிறது, ஆனால் அது ஒரே கூட்டம் அல்ல. முதலாமவரின் அரங்கில் ஒரே வயதும் ஒரே பாலும்தான் பெரும்பாலும் நிறைகின்றன. இரண்டாமவரிடம் வருகிறவர்கள் கலவையானவர்கள். படம் முடிந்த பிறகும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க, கனடாவின் மொன்றியலில் உள்ள நோத்ர-டாம்-த-கிரேஸ் பொருத்தமான இடம். ஷெர்புரூக் தெருவில் ஜிருவார் பூங்காவுக்கு எதிரே, எகிப்தியச் சிற்ப முகப்போடு எம்பிரஸ் அரங்கு நிற்கிறது. 1920களின் கடைசியில் குடும்பப் பொழுதுபோக்குக்காகக் கட்டப்பட்டது. 1960களில் விருந்தும் நடனமுமாக மாறி, பின்பு 'சினிமா ஃபைவ்' என்ற பெயரில் பழைய படங்களையும் கலைப்படங்களையும் திரையிட்டது. 1992இல் ஏற்பட்ட தீவிபத்தோடு மூடப்பட்டது. அது கட்டப்பட்ட காலத்துக் கியூபெக் வேறு. 1927 ஜனவரியில் மொன்றியலின் லோரியே பாலஸ் அரங்கில் தீப்பிடித்து 78 குழந்தைகள் இறந்தார்கள். மறு ஆண்டே பதினாறு வயதுக்கு உட்பட்டோர் திரையரங்குக்குள் நுழையத் தடைச் சட்டம் வந்து, 1960களில் தளரும்வரை நீடித்தது. குழந்தைகளைக் காக்க வந்த சட்டத்துக்குப் பக்கத்திலேயே பெரியவர்களைக் காக்கும் கத்தரிக்கோலும் இருந்தது. 1947இல் 'லேஸான்ஃபான் து பாரடி' என்ற பிரெஞ்சுப் படம் தடைபட்டது. 1960இல் அலன் ரெனேயின் 'ஹிரோஷிமா மோன் அமூர்' மொன்றியல் திரைவிழாவில் முழுதாகக் காட்டப்பட்டு, பொதுத் திரைக்கு வரும்போது பத்து நிமிடத்துக்கும் மேல் இழந்திருந்தது. விழாவுக்குப் போன படித்த கூட்டம் தாங்கிக்கொண்டதைத் தெருவில் போகிறவன் தாங்கமாட்டான் என்று யாரோ அவனுக்காக முடிவு செய்தார்கள்.

1967இல் தணிக்கை போய் வயது வகைப்பாடு வந்தது. இரண்டே ஆண்டில் இயக்குநர் தெனி எரூ 'வலெரி'யை வெளியிட்டார். கன்னியர் மடத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஓடிப்போய், மொன்றியலில் நடனக்காரியாகவும் பின்பு விலைமகளாகவும் ஆகும் ஒருத்தியின் கதை. கியூபெக் அதுவரை காணாத கூட்டம் வந்தது. கடைசியில் வலெரி குழந்தையுள்ள ஓவியன் ஒருவனைக் காதலித்து நல்ல குடும்பப் பெண்ணாகிவிடுகிறாள் என்பதை இன்று யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. 2002இல் வந்த 'துள்ளுவதோ இளமை' நினைவிருக்கிறவர்களுக்கு இந்தச் சூத்திரம் அந்நியமானதல்ல: வீட்டைவிட்டு ஓடும் மாணவர்களை வைத்துக் கண்ணுக்குத் தீனி, கடைசியில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் புத்திமதி. அந்தக் கூட்டமெல்லாம் தோலைப் பார்க்கத்தான் வந்தது என்று சொல்லிவிடுவது சுலபம். அதை மறுக்க 1986 இருக்கிறது. தெனி ஆர்கானின் 'அமெரிக்கப் பேரரசின் வீழ்ச்சி'யில் நான்கு ஆண்கள் சமைக்கிறார்கள், நான்கு பெண்கள் உடற்பயிற்சி செய்கிறார்கள், பிறகு எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். காட்டியதைவிடப் பேசியதே அதிகம். யார் யாரோடு படுத்தார்கள், ஏன் மறைத்தார்கள் என்ற பேச்சு மட்டுமே ஒரு சமூகத்தை அரங்குக்கு இழுத்தது. கான் விழாவில் விமர்சகர் பரிசையும் வாங்கியது.

நமக்கு இந்தப் பாடத்தை பாலசந்தர் அதற்கும் முன்பே நடத்திவிட்டார். 'அரங்கேற்றம்' 1973. பிள்ளைகள் பெருகிக்கொண்டே போகும் ஏழைப் புரோகிதர் வீடு. அந்த வீட்டின் வயிற்றுக்காக மூத்த மகள் தன் உடலை விற்கிறாள். அன்றும் எதிர்ப்புகள் வந்தன. இரண்டு ஆண்டில் 'அபூர்வ ராகங்கள்': தன்னைவிட மூத்த பெண்ணைக் காதலிக்கும் இளைஞன், அவள் மகளை மணக்க நினைக்கும் அவன் தந்தை. இவற்றை ஓடவைத்தவர்களில் பகல் காட்சிக்குக் கூட்டமாகப் போன பெண்கள் முக்கியமானவர்கள். அவர்களுக்கு அந்தப் படங்களில் தங்கள் வீட்டு முற்றமே தெரிந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எதிரெதிர் நியாயம் பேச அவற்றில் இடமிருந்தது. முடிவுகள் பழமைவாதமாக இருந்தன, தவறிய பெண்ணுக்குத் தண்டனை தப்பவில்லை என்ற குறை உண்மைதான். ஆனாலும் முடிவை வைத்து மட்டும் ஒரு படத்தின் வேலையை அளக்க முடியாது. வயிற்றுக்காக விற்றவளைவிட, காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் சாப்பிட்ட குடும்பத்தைத்தான் 'அரங்கேற்றம்' கூண்டில் ஏற்றியது. கடைசி ரீல் எப்படி முடிந்தாலும் அந்தக் குற்றச்சாட்டு பார்வையாளரோடு வீட்டுக்குப் போய்விட்டது.

'விசாரணை'யிலும் 'அசுர'னிலும் உள்ள வன்முறை அரசியல், அதைக் கண்ணைச் சீண்டும் வேலை என்று ஒதுக்க முடியாது என்பார்கள்; நானும் ஒதுக்கவில்லை. அங்கே ஒவ்வோர் அடிக்கும் காவல் நிலையம், நிலம், சாதி என்று முகவரி இருக்கிறது. நான் பேசுவது முகவரியில்லாத ரத்தத்தைப் பற்றி. அதற்கும் நேர்மையான ரசிகர்கள் உண்டு. 1996இல் தொடங்கி ஹாங்காங், ஜப்பானியப் படங்களால் வளர்ந்த மொன்றியலின் ஃபான்டேசியா திரைவிழாவில் தகாஷி மீகே போன்றவர்களின் படங்களுக்குத் தனிக் கூட்டமே இருக்கிறது. வெட்டுக்கும் குத்துக்கும் கைதட்டிச் சிரிக்கிற அந்தக் கூட்டத்துக்குத் தான் விளையாட வந்திருக்கிறோம் என்று தெரியும். நம் ரசிகர் கூட்டம் அதே விளையாட்டை இயக்குநரின் வீரமாக மாற்றிவிடுகிறது. 'ஆரண்ய காண்டம்' 2011இல் அரங்கில் தோற்று, பின்னாளில் இளைஞர்களின் பூஜையறைக்குள் போன கதை எல்லாருக்கும் தெரியும். அந்தப் படத்தில் எல்லாரையும்விடக் கெட்டிக்காரியாக இருந்து, கடைசியில் பணத்தோடு நடந்துபோகும் சுப்புவைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு; சண்டைக் காட்சிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம்.

என் கவலை இங்கேதான் வந்து நிற்கிறது. கோத்-தே-நேஜ், நோத்ர-டாம்-த-கிரேஸ் இரண்டும் சேர்ந்த இந்தப் பேட்டையில் ஈழத்துக் குடும்பங்கள் கணிசம். அப்பம்மா, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கிற வீடுகளும் உண்டு. கியூபெக் வகைப்பாட்டில் 13+ என்றால், அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளையைப் பெரியவர் ஒருவர் கூட்டிக்கொண்டு போகலாம். நட்சத்திரப் படம் 13+ வாங்கினால் பத்து வயதுப் பையன் பொப்கோர்ன் வாளியோடு முன்வரிசைக்குப் போய்விடுவான், யாரும் தடுக்கப்போவதில்லை. 'பேட் கேர்ள்' மாதிரி ஒரு படத்துக்குப் பதினாறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போகிற தாய் எத்தனை பேர்? அம்மா, பாட்டி, மகள் மூவருக்குமிடையே ஒழுக்கம் என்ற பெயரில் என்ன கைமாற்றப்படுகிறது என்பதைத்தான் அந்தப் படம் பேசுகிறது. அதற்கு மிகப் பொருத்தமான பார்வையாளர்கள் அந்த மூன்று பேருமே. அவர்களோ மூன்று கைபேசிகளில் மூன்று வெவ்வேறு இரவுகளில் அதைப் பார்ப்பார்கள், அல்லது பார்க்கவே மாட்டார்கள். பார்த்தாலும் சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு எழாது. நாங்கள் இங்கே வந்ததே பிள்ளைகள் சுதந்திரமாக வளரத்தானே என்று சொல்லும் அதே வாய், இந்த இடத்தில் மட்டும் மூடிக்கொள்கிறது.

வீட்டைச் சீண்டும் படம் எடுக்கிறவர்களும் குறைந்துகொண்டுதான் வருகிறார்கள். 'பேட் கேர்ள்' படத்தைத் தயாரித்த வெற்றிமாறன், அது வெளியாகும் வேளையில் இனிப் படத் தயாரிப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். தணிக்கையோடும் நீதிமன்றத்தோடும் மல்லுக்கட்டிய பொருட்செலவும் மனச்சோர்வும் அதற்குக் காரணம். கண்ணைச் சீண்டும் படத்துக்கு 'ஏ' சான்றிதழ் வந்தால், தயாரிப்பாளர் அதை விரும்பாவிட்டாலும், அதுவே விளம்பரமாகிவிடுகிறது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் எந்த ரகப் படத்துக்கு முதலீடு கிடைக்கும் என்று ஊகிக்கப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. துணிச்சலான இயக்குநர் யார் என்று இரவு முழுக்கச் சண்டை போடும் நம் ரசிகர்கள் அந்தப் பட்டியலில் வர்ஷா பரத்தின் பெயரை எத்தனையாவதாகச் சொல்கிறார்கள், சொல்கிறார்களா என்றாவது கவனிக்கலாம்.