124-ம் நம்பர் வீட்டில் யார்? - நிஜத்திலிருந்து பிறந்த ஒரு பேய்க்கதை

பேய் என்றால் நமக்கு வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) நாவலில் வரும் பேய்க்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.

சின்சினாட்டியில் 124-ம் எண் வீடு. கண்ணாடி தானாக உடைகிறது. கேக்கில் குட்டிக் கைகள் பதிகின்றன. அது யாரென்று சேதேவுக்குத் தெரியும். அடிமை வாழ்விலிருந்து தப்பி வந்தவள் அவள். பிடிக்க ஆள் வந்தபோது, மகளும் அடிமையாகக் கூடாதென்று தன் கையாலேயே கொன்றவள். அது அவளுடைய மூன்றாவது குழந்தை. வீட்டு எண்ணிலும் 3 இல்லை, கவனித்தீர்களா?

இது நிஜத்தில் நடந்தது. 1856 ஜனவரியில், உறைந்துகிடந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து தப்பிய மார்கரெட் கார்னர் செய்ததும் இதேதான். அதன்பின் எழுந்த கேள்விதான் உண்மையான திகில். அவர்மீது கொலை வழக்கா, இல்லை ‘ஓடிப்போன சொத்து’ என உரிமையாளரிடம் ஒப்படைப்பதா? கொலை வழக்கென்றால் அவரை மனுஷி என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே! கடைசியில் உரிமையாளரிடமே திருப்பி அனுப்பினார்கள்.

பதிப்பகத்தில் எடிட்டராக இருந்தபோது இந்தப் பழைய செய்தி மாரிசன் கண்ணில் பட்டது. நாவல் 1988-ல் புலிட்சர் பரிசு வென்றது. ஓப்ரா வின்ஃப்ரே நடித்த படமும் உண்டு. ஆனால், முதலில் புத்தகம்! ஆரம்பப் பக்கங்கள் குழப்பும், விட்டுவிடாதீர்கள். அந்தக் குழந்தை இளம்பெண்ணாக வளர்ந்து வாசலில் வந்து உட்காருவது அதற்குப் பிறகுதான்.