முதற் சுற்றில் மட்டும் ஏன் திக்குகிறது?



கிராஞ்சியில் ஒரு தொழிலாளர் விடுதிக்குச் சென்றிருந்தோம். வேலை முடிந்து வந்த இளைஞர் ஒருவர், மடிக்கணினியில் 'டால்ஃபின்' என்னும் எமுலேட்டரை ஏற்றி, 2003-இல் வெளிவந்த 'மரியோ கார்ட்: டபுள் டேஷ்' பந்தயம் ஆடிக்கொண்டிருந்தார். புதுப் பொருள் ஏதேனும் திரையில் தோன்றினால் படம் திக்கி நின்றது. "கிழட்டு மெஷின், சார். தள்ளிவிட்டு வேறு வாங்கப் போகிறேன்" என்றார். சம்பளத்தில் பெரும்பங்கு போகும் காரியம். சற்றுப் பொறுங்கள் என்றோம்.

எமுலேட்டர் என்பது கணினியை ஒரு விளையாட்டுப் பெட்டியாக நடிக்கவைக்கும் மென்பொருள். நிண்டெண்டோ நிறுவனம் 2001-இல் வெளியிட்ட கேம்கியூப் பெட்டியில், நிறம் கலக்கும் முறையை விசை திருப்புவதுபோல் உடனுக்குடன் மாற்றலாம். கலக்கும் படிகள் 16 வரை உண்டு. சேர்க்கைகளோ எண்ணி மாளா. கணினியின் படச்சில்லில் அந்த விசைகள் இல்லை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் 'ஷேடர்' என்னும் சிறு நிரலை எழுதி, அச்சில்லின் மொழிக்கு மாற்றித் தரவேண்டும். இந்த மாற்றமே ஷேடர் கம்பைலேஷன்.

துரையின் புது உத்தரவைக் கிராணி தமிழில் சொல்லும்வரை, அந்நாளில் தோட்டத்து ஆட்கள் கைகட்டி நிற்பார்கள் அல்லவா? அதே கதைதான். நொடிக்கு 60 படமென்றால், ஒரு படத்துக்கு 17 மில்லிநொடிகூட இல்லை. ஒரு ஷேடரை மாற்ற அதைப்போல் பல மடங்கு ஆகலாம். அதுவரை திரை அசையாது.

முன்கூட்டியே மாற்றி வைத்தால் என்ன? ஆட்டம் எந்தச் சேர்க்கையைக் கேட்கும் என்பது கேட்கும்வரை தெரியாது. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் சில்லுகளின் மொழியும் வெவ்வேறு.

டால்ஃபின் குழுவினர் 2017-இல் ஒரு வழி செய்தார்கள். பெட்டியின் நிறக்கலவைப் பகுதி முழுவதையும் ஒரே பெரிய ஷேடராக எழுதினார்கள், பெயர் 'உபர்ஷேடர்'. எந்தச் சேர்க்கை வந்தாலும் அப்போதைக்கப்போது படித்துச் செய்துவிடும். ஆனால் சில்லுக்குப் பெருஞ்சுமை. ஆகவே 'ஹைபிரிட்' அமைப்பில், உரிய ஷேடர் பின்னணியில் தயாராகும் வரைக்கும் மட்டும் இது வேலையைத் தாங்கும். கிராணி வருமுன் மூத்த தொழிலாளி சைகை காட்டி வேலையைத் தொடக்கிவைப்பதுபோல. மெலிந்த சில்லுகள் அந்தச் சிறு நேரத்தைக்கூடத் தாங்காமல் தடுமாறுவதுண்டு.

சோதனை எளிது. அதே பாதையை மறுமுறை ஓட்டுங்கள். அதே இடத்தில் மறுபடியும் திக்கினால் கோளாறு வேறு, திக்காவிட்டால் ஷேடர்தான். நம் இளைஞர் ஓட்டிப் பார்த்தார். வழவழவென்று ஓடியது.

தயாரான ஷேடர்கள் வட்டில் சேமிக்கப்படும். படச்சில்லின் டிரைவரைப் புதுப்பித்தால் மட்டும் பெரும்பாலும் மீண்டும் மாற்றவேண்டி வரும்.

"போன வாரம்தான் சார் புதுப்பித்தேன்" என்று தலையைச் சொறிந்தார் இளைஞர்.