குமிழிக்கு ஆயுள் எத்தனை?

நுண்குமிழிகள் வந்தால் அல்ட்ராசவுண்ட் படம் பளிச்சிடும். ஊசி போடும்வரை அவற்றைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

மாட்டுங்கா ஹோட்டல்களில் டபராவில் ஆற்றிய ஃபில்டர் காபியின் நுரை சில நிமிடங்களில் அடங்கிவிடும். குடிப்பவருக்கு நஷ்டமில்லை. மருத்துவமனையில் அப்படி விட்டுவிட முடியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்காக ரத்த நாளத்தில் செலுத்தப்படும் நுண்குமிழிகளும் ஒருவகை நுரைதான். தொழிற்சாலையிலிருந்து கிளம்பி, குடோனில் கிடந்து, லாரியில் குலுங்கி, பல மாதங்கள் கழித்து ஊசிக்குள் ஏறும்போதும் அது வேலை செய்ய வேண்டும்.

இந்தக் குமிழிகளில் பெரும்பாலானவை 7, 8 மைக்ரான் அகலமுள்ள ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியவை. உள்ளே வாயு இருப்பதால் ஒலி அலை பட்டதும் சுருங்கி விரிந்து, ரத்தத்தைவிடப் பல மடங்கு பலமாக எதிரொலிக்கின்றன. 1968இல் ரேமண்ட் கிராமியாக், பிரவீண் ஷா என்ற இரு டாக்டர்கள் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வே இதற்குப் பிள்ளையார் சுழி. இன்று கல்லீரல் கட்டியின் தன்மையை அறியவும் இதய அறைகளைத் தெளிவாகப் பார்க்கவும் இவை உதவுகின்றன. கதிர்வீச்சு இல்லை. சி.டி. ஸ்கேனில் செலுத்தும் அயோடின் மருந்து சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்தாகலாம். குமிழியின் வாயுவோ நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறிவிடுகிறது. அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை ஏற்படலாம் என்பதால் அவசர சிகிச்சைக் கருவிகள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

குமிழி ஏன் சாகிறது? அது சிறுத்தால் அழுத்தம் பெருகும். 2 மைக்ரான் அகலமுள்ள உறையற்ற காற்றுக் குமிழிக்குள், வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு கூடுதல் அழுத்தம் இருக்கும். அந்த நெருக்குதலில் வாயு சுற்றியுள்ள நீரில் கரைந்து, கண்மூடித் திறப்பதற்குள் குமிழி மறைந்துவிடும். இந்தக் கணக்கை எப்ஸ்டீன், பிளெசட் என்ற இருவர் 1950இலேயே போட்டுக் காட்டினார்கள். ஒரே குப்பியில் பெரியதும் சிறியதும் இருந்தால், சிறியதன் வாயு பெரியதற்குப் போய்ச் சேரும். பெரியது கொழுத்தால் நுரையீரலின் நுண்ணிய நாளங்களைக் கடப்பது கஷ்டம்.

எனவே இரண்டு தற்காப்புகள். முதலாவது உறை: ஆல்புமின் புரதம் அல்லது பாஸ்போலிப்பிட் கொழுப்பு. இரண்டாவது, நீரில் எளிதில் கரையாத கனமான வாயு. 1994இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆல்புனெக்ஸில் இருந்தது வெறும் காற்று. அது ரத்தத்தில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. பின்னால் வந்தவை பெர்ஃப்ளூரோபுரோபேன், சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு போன்ற வாயுக்களுக்கு மாறின.

சேமிப்பில் ஆளுக்கொரு வழி. ஆப்டிசனில் குமிழிகள் தயாராகவே இருக்கும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. டெஃபினிட்டி குப்பியில் கொழுப்புக் கரைசலும் அதன்மேல் வாயுவும் மட்டுமே. ஒரு சின்ன எந்திரம் 45 விநாடி குலுக்கிய பிறகுதான் குமிழி பிறக்கிறது. பழைய வகைக்கு ஃபிரிட்ஜ் தேவை. அறை வெப்பத்தில் வைக்கக்கூடிய வகைக்கு 2020இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. சோனோவியூ மூன்றாவது ரகம். உறையவைத்து உலர்த்திய தூள், மேலே வாயு. 5 மில்லி உப்புக் கரைசல் ஊற்றிக் குலுக்கினால் குமிழி தயார். 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். உலர்த்தும்போது உறைக் கொழுப்பு சிதையாமலிருக்க சுக்ரோஸ், டிரெஹலோஸ் போன்ற சர்க்கரைகளைச் சேர்த்துப் பார்ப்பது ஆய்வாளர்களின் இன்னொரு உத்தி.

தூளாக்கி வைத்துத் தேவைப்படும்போது கரைக்கும் சூத்திரம் மும்பைக்குப் புதிதல்ல. செம்பூரை அடுத்த டிராம்பேயின் அணுசக்தி நிலையத்தில் வேர்விட்ட கதிர்மருந்துத் துறை, டெக்னீஷியம் ஸ்கேனுக்கான உலர்தூள் குப்பிகளை நாட்டின் மருத்துவமனைகளுக்கு அளித்துவருகிறது. டெக்னீஷியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம்தான் என்பதால், தூளையும் அதையும் சேர்ப்பது மருத்துவமனையில்தான். 1933இல் தொடங்கிய மாட்டுங்கா ரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தில் அனிருத்த பண்டிட் பல்லாண்டு ஆராய்ந்தது குமிழிகளை நொறுங்கச் செய்து பயன்பெறும் கலையை. பவாய் ஐ.ஐ.டி.யில் ரிந்தி பானர்ஜியின் குழு, நுண்குமிழியைவிடச் சிறிய நானோகுமிழியோடு பாக்ளிடாக்ஸெல் என்ற புற்றுநோய் மருந்தைப் பிணைத்து, அல்ட்ராசவுண்ட் மூலம் விடுவிக்கும் முறையை 2019இல் வெளியிட்டது.

ஆய்வகத்துக்கு வெளியே மும்பையின் வெயில் காத்திருக்கிறது. அமெரிக்க லேபிள்களில் அறை வெப்பம் என்றால் சுமார் 25 டிகிரி. மும்பையிலோ ஆண்டின் பெரும்பகுதி பகல் வெப்பம் 30ஐத் தொட்டு நிற்கிறது. ஏ.சி. ஓடும் பெரிய மருத்துவமனைக்கு இது பொருட்டல்ல. தாராவியின் சந்துகளிலுள்ள சிறு கிளினிக்குக்கு, நாள் முழுக்க ஓடும் ஃபிரிட்ஜும் ஒரு செலவுதான். பக்கத்தில் சயானிலுள்ள மாநகராட்சி மருத்துவமனையின் வரிசைகளில் தாராவிவாசிகள் ஏராளம். சிறுநீரகம் கெட்டு, கல்லீரலில் கட்டி என்று வரும் தினக்கூலிக்கு, அயோடின் இல்லாத ஸ்கேன் ஆடம்பரமல்ல. வெயிலில் கெடாத குப்பி வந்தால் அது அவர் கைக்கெட்டும் தூரத்துக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கும்.