துயிலும் குளிகையும்

துயில் வாராத இரவின் நெடுமையை ஐம்பது கடந்தோர் நன்கறிவர். கனடாவிலிருந்து வந்த பழைய மாணவரொருவர் எமக்கு மெலற்றோனின் குளிகைகள் கொணர்ந்தார். 1958 இல் யேல் பல்கலைக்கழகத்துத் தோல்நோய் வல்லுநர் ஆரன் லேர்னர், மாட்டின் பீனியற் சுரப்பியினின்றும் பிரித்தெடுத்த பொருள் இது. அவர் தேடியதோ தோலின் நிறத்தை மாற்றும் பொருளை! இருள் சூழ இஃது எம்முடலிற் சுரக்கும், ஒளிபடக் குறையும். ஆதலின் இதனை மயக்கமருந்தென்றல் பிழை. இரவாயிற்றென உடலுக்கு உணர்த்துவதே இதன் தொழில்.

2017 இல் கனடாவில் விற்பனையான 31 தயாரிப்புகளின் ஆய்வு வெளிவந்தது. ஒன்றிற் குறித்த அளவில் ஐந்திலொரு பங்கும் இல்லை. வேறொன்றிலோ நான்கு மடங்குக்கு மேல் மிகுதி. அளவு தெரியாததை எங்ஙனம் உண்பது? யன்னற் சீலையை இழுத்துவிட்டுக் கைப்பேசியை அணைத்தோம். புட்டி அலுமாரியில் இருக்கின்றது. வைத்தியரைக் கண்டபின் திறப்போம்.